டர்போ போய்விட்டது என்று வந்த வண்டிகள்

டர்போ என்பது எஞ்சினின் புகையால் சுழன்று, அதே எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும் உள்ளங்கை அளவு விசிறி. மலையில் வண்டி இழுக்காவிட்டால் முதல் பழி அதன்மேல்தான் விழும்.

ஏற்றத்தின் பாதியில் வண்டி மூச்சு விட்டுப்போய், பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, கறுப்புப் புகையோடு ஓரம் கட்டியவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த வண்டிக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, கண்ணில் எண்ணெய் சொட்ட டொர்ச் அடித்துப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. பேச வராது. எண்ண வரும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஹாஜியாருடைய கராஜில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கராஜைத் தாண்டினால் ஓர் ஏற்றம். கீழே ஒரு மதகு, மேலே அரச மரத்தடியில் ஒரு புத்தர் சிலை. டர்போ கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் மதகில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போய், மிதியை முழுக்க அழுத்திவிட்டு எண்ணத் தொடங்குவேன். நல்ல வேன் சிலையைத் தாண்டும்போது இருபத்திரண்டு. இருபத்தைந்தைத் தாண்டினால் எங்கோ காற்றுக் குறைகிறது. எங்கே என்று தேடுவதற்கு ஒரு வரிசை வைத்திருந்தேன். முதலில் காற்று வடிகட்டி, பிறகு ஹோஸ்கள், அதன் பிறகு சைலன்சர், கடைசியாகத்தான் டர்போ. இதைப் பார்த்த ஹாஜியார் கராஜுக்கு ஒரு சட்டம் போட்டார். பாஸ் சொல்லாமல் டர்போவில் எவனும் ஸ்பானர் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை பாஸ் என்பார்கள். அந்த பாஸ் நான்தான்.

ஹாஜியார் மௌத்தான பிறகு மகன் இர்ஷாத் முதலாளி ஆனார். நல்ல பிள்ளை, என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனால் அந்தச் சட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. “வாப்பாட காலம் வேற, பாஸ். ஆறு மாசம் பாப்போம். சரிவந்தா வச்சிக்குவோம், இல்லாட்டி விட்டுருவோம்” என்றார். கராஜில் எனக்கென்று கதிரை கிடையாது, மேசை கிடையாது. அந்த ஒரு சட்டம்தான் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் டர்போ என்று வந்த வண்டிகள் பத்தொன்பது. சிலவற்றைச் சொல்கிறேன்.

இரண்டு விரிப்பு

பேராதனைப் பக்கமிருந்து ஒரு விரிவுரையாளர் கார் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியல் கற்பிப்பவர். “மூண்டு கராஜ் பாத்தாச்சு. எல்லாரும் டர்போ எண்டுதான் சொல்லுகினம். நானும் கணக்குப் போட்டுப் பாத்தனான், டர்போதான்” என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அதில் கோடும் வளைவுமாக ஏதோ இருந்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏற்றத்துக்குப் போனேன். இருபத்தொன்பது. ஆனால் மிதியை அழுத்திய காலுக்கு ஏதோ குறையாகப் பட்டது. மிதி போக வேண்டிய தூரம் போகவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். பழைய ரப்பர் விரிப்புக்கு மேல் தடித்த புதுக் கம்பளம் ஒன்று விரித்திருந்தது. இரண்டும் சேர்ந்து மிதியை முழுக்க இறங்கவிடவில்லை. மேலே இருந்ததை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு மறுபடி போனேன். இருபத்திரண்டு.

அவர் டிக்கியிலிருந்து கம்பளத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எனக்கே வெட்கமாக இருந்தது, நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு இர்ஷாத் முதலாளியின் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, ஐயா. ஹோஸ் ஒண்டு வெடிச்சுப் போச்செண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு

கண்டி மார்க்கட்டில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவரின் வேன். ஏற்றத்தில் முப்பத்தொன்று. ஹோஸ்களைக் கையால் தடவினேன், டொர்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், சில வெடிப்பு வண்டி நிற்கும்போது உதடு மூடியது போல் மூடியே இருக்கும். காற்று அமுங்கி வரும்போதுதான் திறக்கும். ஒரு பக்கத்தை அடைத்து, கொம்பிரஸரிலிருந்து காற்றைக் கொடுத்து, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தேன். வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நுரை பொங்கியது. ஹோஸ் ஒன்று மாற்றினால் போதும் என்றேன்.

வியாபாரிக்கு முகம் சிவந்தது. “இவ்வளவு பெரிய வேன் இழுக்காம நிக்கிது, நீங்க ரப்பர் துண்டைக் காட்டுறீங்க. டர்போ மாத்தத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இர்ஷாத் முதலாளி வாசலில் நின்று அந்த வேன் போவதைப் பார்த்தார். அடுத்த கிழமை வியாபாரி வேண்டுமென்றே எங்கள் வாசலில் வந்து நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். வேறு கராஜில் புது டர்போ போட்டிருந்தார். அதைப் பூட்டியவர்கள் அந்த ஹோஸையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. இரண்டு தரம் எஞ்சினை உறுமவிட்டு, எனக்கல்ல, முதலாளிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: “பாத்தீங்களா, டர்போ போட்டதும் பறக்குது! ஒங்க பெரியவரை ரப்பர்க் கடையில வேலைக்குச் சேத்து விடுங்க.”

மூன்று டர்போ தின்ற வேன்

இதில் டர்போ உண்மையாகவே செத்திருந்தது. ஆட்டிப் பார்த்தால் தண்டு முன்னும் பின்னும் போய் வந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் மன்னிக்கலாம். முன்பின் போனால் மன்னிப்பில்லை. ‘மாற்றலாம்’ என்று நானே சொன்னேன். இர்ஷாத் முதலாளியின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். ஆனால் சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில் அந்த வேனுக்கு அது மூன்றாவது டர்போ என்று தெரிந்தது. எல்லாம் ஒன்றரை வருடத்துக்குள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அது நிற்பது இரும்பில் அல்ல, எண்ணெயில். அந்த எண்ணெயைக் கொண்டுவரும் குழாய் பென்சில் தடிப்புத்தான் இருக்கும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே கரி இறுகி, ஊசி போகும் அளவுதான் வழி இருந்தது. மூன்று டர்போவும் தாகத்தில் செத்திருக்கின்றன. புதுக் குழாய் வரும் வரை பூட்ட வேண்டாம் என்றேன். கொழும்பிலிருந்து வர நாலு நாள் ஆகும். சொந்தக்காரருக்கு மறுநாளே அனுராதபுரத்துக்குப் பயணம். ‘கம்பி விட்டுக் குத்தித் தாங்க, போதும்’ என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். நாலு நாள் காத்திருக்க அவரும் கடைசியில் சம்மதித்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சம்மதிப்பதற்கு முன்னால் சொன்னது என் காதிலேயே இருக்கிறது: “டர்போ செத்துப்போன சரி, பாஸ். ஏன் செத்திச்சின்னு விசாரிக்க நாங்க என்ன பொலிஸா?”

எலி

ஒரு தோட்டத்து பங்களா ஜீப். இரண்டு மாதம் ஓடாமல் நின்றது, எடுத்தால் இழுக்கவில்லை. வடிகட்டிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது: காய்ந்த புல்லும், கிழிந்த கடதாசியும், யாரோ ஒருவருடைய காலுறை ஒன்றும். எலி இல்லை, குடும்பத்தோடு போயிருந்தது. பத்து நிமிட வேலை. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்: “வருசா வருசம் நாங்க குடியிருக்கிற லயத்துக்கு ஒரு ஜன்னல் கேக்கிறோம் அண்ணே. எலிக்கு மட்டும் பங்களா கெடைச்சிருக்கு.”

வைத்தது மூன்று

இது என் பிழை. ஆகையால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

ஐந்து மாதம் முடிந்த கையோடு ஒரு வேன் நீலப் புகையோடு வந்தது. டர்போ போயிருந்தது, சந்தேகமில்லை. டர்போவைக் கழற்றினால் திறந்திருக்கும் குழாய்களுக்குள் தூசியோ நட்டோ விழாமல் துணி அடைப்போம். எல்லாக் கராஜிலும் உள்ள வழக்கம். எந்தக் கராஜிலும் உள்ள ஆபத்து, அதை எடுக்க மறப்பது. ஆகவே வைக்கும்போது நான் வாய்விட்டு எண்ணுவேன். அன்று வைத்தது மூன்று. புது டர்போவைத் தூக்கிப் பிடித்திருந்த நேரம் இர்ஷாத் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். அந்த மரக்கறி வியாபாரி தன் கூட்டாளிகளிடமெல்லாம் எங்கள் கராஜைப் பற்றிச் சிரித்துச் சொல்கிறாராம். ‘கொஞ்சம் யோசிங்க, பாஸ்’ என்றார் முதலாளி. திரும்பி வந்து துணிகளை எடுத்தபோது வாய் மூன்று வரை எண்ணியது. கை இரண்டைத்தான் எடுத்திருக்கிறது. மனம் அறையிலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் வேன் திரும்பி வந்தது. ஏற்றத்தில் முப்பத்தைந்து. எங்கள் எலக்ட்ரீஷியன் சுனில், சிங்களவர், எங்களோடு இருந்தே தமிழ் பழகியவர். அவர் ஸ்கேனரைப் பூட்டிப் பார்த்து, காற்று அமுக்கம் குறைவு என்றார். ஸ்கேனரில் பிழையில்லை, குறைவு என்றுதான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. முதலாளி உடனே, ‘புது டர்போ பழுது, கடைக்காரனுக்குத் திருப்பி அனுப்புவோம்’ என்றார். நான் குழாயைக் கழற்றினேன். உள்ளே வளைவில், என் பழைய சாரத்திலிருந்து கிழித்த நீலக் கட்டத் துணி சுருண்டு கிடந்தது. சுனிலைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே அறைக்குப் போய் மேசையில் வைத்தேன். முதலாளி துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அவர் கோபப்படவில்லை. ‘சரி பாஸ். இனிமே டர்போ விசயத்த நான் பாத்துக்கிறன்’ என்றார். அவ்வளவுதான், ஹாஜியாரின் சட்டம் முடிந்தது. வெளியே வந்தபோது சுனில் கையை விரித்துக்கொண்டு நின்றார்: “ஐயோ பாஸ், அந்தத் துணி பொக்கட்டில போட்டா வேல முடிஞ்சது! மேசையில வைக்க அது என்ன, கல்யாண வெத்திலையா?”

மடுல்கெல்ல வேன்

அதன் பிறகு எனக்குச் சக்கர பெயாரிங், பிரேக், கிளட்ச். ஏற்றத்துக்குப் போவதில்லை. டர்போ என்று வண்டி வந்தால் சுனில் ஸ்கேனரைப் பூட்டுவார், முதலாளி அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். கேட்டால்தான் பேசுவது என்று நான் எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மடுல்கெல்லவிலிருந்து செல்வராஜ் வந்தார். வேன் வைத்து ஓட்டுகிறவர். செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஐந்து நோயாளிகளைப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார். ஐந்து பேருக்கும் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்தம் செய்து கூட்டிவர வேண்டும். அதில் ஒருவர் அவருடைய சொந்த அக்கா. ‘போறது பிரச்சினை இல்லண்ணே, எறக்கம். வர்றப்பதான் ஏத்தம். வத்தேகம தாண்டினா மூச்சு முட்டுது. மருந்து ஏத்தின ஒடம்போட அதுங்களை எறக்கித் தள்ளச் சொல்ல முடியுமா?’ என்றார்.

நான் பக்கத்தில் என் வேலைத் தட்டில் பெயாரிங்குக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். சுனில் எஞ்சினை உயர்த்தினார். உறுமலின் கடைசியில், பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல, மெல்லியதாக ஒரு ‘ஸ்ஸ்’. இரண்டாம் தரமும் கேட்டேன். மூன்றாம் தரமும். முன்பக்கத்துக் கீழ் ஹோஸ், அதைப் பிடித்திருக்கும் கிளிப். புரி தேய்ந்து, முறுக்கினால் பிடித்தது போலக் காட்டி, அமுக்கம் வந்ததும் வழுகுகிற கிளிப். ஸ்கேனர் அமுக்கம் குறைவு என்றது. முதலாளி டர்போ என்றார். செல்வராஜ் என் பக்கம் திரும்பினார். ‘டர்போதானாண்ணே?’ என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். என் சட்டப்படியே நான் பேச வேண்டிய நேரம். குனிந்து கிரீஸ் டப்பாவைப் பார்த்தேன். ‘முதலாளி சொல்லுவாரு’ என்றேன்.

வியாழக்கிழமை டர்போவைப் பூட்டினார்கள். அதற்காக ஹோஸைக் கழற்றி, அதே கிளிப்பைப் போட்டு நன்றாக முறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை வேன் ஏறியது. அடுத்த செவ்வாயும் ஏறியது. எனக்குக் கூடச் சந்தேகம் வந்தது, காது பொய் சொல்லிவிட்டதோ என்று. சந்தேகம் வந்ததில் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், பன்விலைக்கு மேலே ஹோஸ் கழன்றது. நல்ல மழை. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்து, அடுத்த வளைவில் நின்றது. ஐந்து பேரும் ஒரு பூட்டிய கடையின் தாழ்வாரத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறார்கள். அக்காவுக்கு மயக்கம் வந்து, ஒரு த்ரீவீலைப் பிடித்து மறுபடியும் பேராதனைக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். நாலு நாள் வாட்டில் இருந்து பிழைத்தார்.

வண்டி நின்ற மறுநாளே செல்வராஜ் ஹோஸைக் கம்பியால் கட்டி வண்டியைக் கொண்டுவந்தார். முதலாளி வருத்தப்பட்டார், மனதார. தேநீர் வரவழைத்தார். புதுக் கிளிப் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டினார். ‘சின்ன விசயம், எங்கட கண்ணுக்குத் தப்பிட்டிது’ என்றார். புது டர்போவுக்காகச் செல்வராஜ் எதை விற்றார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு அவர் என் தட்டுக்கு வந்தார். ஏசப் போகிறார் என்று எழுந்து நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்து, தொழில் விஷயம் பேசுவது போல, மெதுவாகத்தான் சொன்னார்: “அன்னைக்கு நீங்க குனிஞ்சப்பவே எனக்கு வெளங்கிருச்சுண்ணே, டர்போ இல்லன்னு. ஆனா மெக்கானிக்கு வாயத் தொறக்காம, வேன்காரன் நான் எப்படி முதலாளிகிட்ட வேணாங்கிறது?”

அந்த வேனுக்கு வேண்டியிருந்தது ஒரு கிளிப்பும் ஒரு வாயும்தான். எங்கள் கராஜில் கிளிப்புக்கு ஒருநாளும் குறைவு இருந்ததில்லை.